கர்ப்பம் என்று வேலையிடத்தில் எப்போது சொல்வது? ஒன்பதாம் கிழமையில் நிற்கும் ஒரு தங்கச்சிக்கு

கேள்வி இதுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு லீசிங் கம்பனியின் கிளையில் வேலை செய்யும் 28 வயதுத் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். வேலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. தகுதிகாண் காலம் முடிந்து நிரந்தரக் கடிதம் கைக்கு வர இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. இப்போது ஒன்பது கிழமைக் கர்ப்பம், தலைப்பிள்ளை. பாதி நாள் அலுவலகத்தில், மீதி நாள் ஸ்கூட்டியில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்த் தவணைக் காசு சேர்க்கும் வேலை. மாமி, "மூன்று மாதம் முடியும் வரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதை" என்கிறார். கூட வேலை செய்த தோழி, "கடிதம் கைக்கு வந்த பிறகு சொல்லு" என்கிறார். கணவரோ இன்றைக்கே சொல்லி ஸ்கூட்டி ஓட்டத்தை நிறுத்தச் சொல்கிறார். யாருடைய சொல்லைக் கேட்பது? சொல்லாமல் இருக்க மனச்சாட்சி குத்துகிறது என்றும் எழுதியிருக்கிறார். பிறகு வேலைக்குத் திரும்பினால் பால் கொடுக்க நேரம் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. யாழ்ப்பாணத்தில் தனியார் அலுவலகங்களில் 18 வருடமாக ஆளணிப் பகுதியில் வேலை பார்க்கிறேன். லீவுப் படிவங்களும் நியமனக் கடிதங்களும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். கர்ப்பம் என்று சொல்ல வந்து கதிரை நுனியில் இருந்துகொண்டு பேனையை உருட்டிய எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கதிரை நுனியில் நானும் மூன்று தடவை இருந்திருக்கிறேன். முதல் தடவை ஐந்தாம் மாதம் முடிந்த பிறகு, இரண்டாம் தடவை ஏழாம் கிழமையில், மூன்றாம் தடவை பன்னிரண்டாம் கிழமையில். மூன்றும் மூன்று விதமாகப் போயின.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். உடம்பு இடம் கொடுத்தால் கடிதம் வரும் வரை பொறுங்கள். ஸ்கூட்டி ஓடும்போது தலை சுற்றினால், இரத்தம் கண்டால், தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல் சத்தி எடுத்தால் கடிதத்தைப் பார்க்க வேண்டாம். வைத்தியரிடம் போங்கள், அன்றைக்கே வேலையிடத்திலும் சொல்லுங்கள். கடிதம் வந்ததும் தள்ளிப்போடாமல், ஊர் போய்ச் சொல்வதற்கு முன் உங்கள் வாயால் சொல்லுங்கள். சொன்னதை எழுத்திலும் கொடுங்கள். இனி இதற்கான காரணங்களைச் சொல்கிறேன். உங்கள் நிலைமை நாளைக்கு மாறினால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்பதோடு ஐந்தைக் கூட்டினால் பதினாலு. மாமி சொல்லும் மூன்று மாதமும் தோழி சொல்லும் கடிதமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் வருகின்றன. ஆகவே வீட்டில் நடப்பது நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிய சண்டை இல்லை. பிரச்சினை எல்லாம் இடையிலுள்ள இந்த ஐந்து கிழமைதான்.

மாமியின் சொல்லை வெறும் நாவூறு பயம் என்று தள்ளிவிடாதீர்கள். தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துவிடுகின்றன. அதில் பெரும்பங்கு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் நடக்கிறது. நம்முடைய அம்மம்மாமாருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் ஊரெல்லாம் சொன்ன பிறகு பிள்ளை தங்காமல் போனால் அந்தப் பெண் படும் பாட்டை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். அந்த மூன்று மாதக் கட்டுப்பாடு சொந்தக்காரருக்கும் அயலுக்கும் மிகவும் பொருந்தும். வேலையிடத்துக்கு அதை அப்படியே தூக்கிப் போட முடியாது, ஏனென்றால் வேலையிடம் உங்களிடம் தினமும் எட்டு மணி நேரம் உடம்பைக் கேட்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. ஸ்கூட்டி ஓடியதால்தான் கலைந்தது, கைதூக்கி உடுப்புக் காயப்போட்டதால்தான் கலைந்தது என்று நம்மூரில் ஒரு பெண்ணின் தலையிலேயே பழியைக் கட்டிவிடுவார்கள். ஆரம்ப மாதங்களில் கலையும் கர்ப்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை கருவின் குரோமோசோம் கோளாறால் நடப்பவை. அதை அந்தப் பெண் எதைச் செய்தும் தடுத்திருக்க முடியாது. எனவே இவ்வளவு நாளும் ஸ்கூட்டி ஓடிவிட்டேனே என்று நீங்கள் இரவில் அழ வேண்டியதில்லை. ஸ்கூட்டியில் உண்மையான ஆபத்து விழுவதுதான். காலையில் சாப்பிடாமல், சத்தி எடுத்துவிட்டு, வெயிலில் ஓடும்போது தலை சுற்றினால் விழுந்துவிடுவீர்கள். உங்கள் கணவர் பயப்படுவதில் நியாயம் இருப்பது அந்த இடத்தில்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது நான் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பகுதியில் இருந்தேன். பதவியுயர்வு வரும் என்ற பேச்சு இருந்ததால் சொல்லப் பயந்தேன். மூன்று மாதம் என்று சொல்லி நான்காம் மாதம் வந்தது. பிறகு கணக்காய்வு முடியட்டும் என்று ஐந்தாம் மாதமும் போனது. பெரிய சால்வை போட்டுக்கொண்டு திரிந்தேன். முகாமையாளருக்கு யார் சொன்னது தெரியுமா? அவருடைய மனைவி. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயில் வெளிவீதியில் என்னைக் கண்டு, "எத்தனை மாதம் பிள்ளை?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த நாள் காலை முகாமையாளர் கூப்பிட்டு, "ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத்தான் தெரியாது போல" என்றார். கர்ப்பமானதற்கு அவர் கோபிக்கவில்லை. வருட முடிவு வேலைக்கு என்னை நம்பித் திட்டம் போட்டு, அதைத் தலைமை அலுவலகத்துக்கும் எழுதி அனுப்பிவிட்டார். அந்த வெட்கம் அவருக்கு. அதற்குப் பிறகு முக்கியமான எந்த வேலையும் என்னிடம் வரவில்லை.

யாழ்ப்பாணம் சின்ன இடம் தங்கச்சி. பெரியாஸ்பத்திரிக் கிளினிக் வாங்கில் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் உங்கள் கிளைக் காசாளரின் மச்சாளாக இருக்கும். பார்மசியில் ஃபோலிக் அமிலக் குளிசை வாங்கும்போது பின்னால் நிற்பவர் உங்கள் வாடிக்கையாளராக இருக்கும். கொழும்பில் ஒருத்தி ஆறு மாதம் மறைக்கலாம். இங்கே மூன்றரை மாதத்துக்கு மேல் மறைத்தவர்களை நான் அதிகம் காணவில்லை; மறைத்ததாக நினைத்தவர்களைத்தான் கண்டிருக்கிறேன்.

இரண்டாம் தடவை அந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படித்தேன். வேறு அலுவலகம், நல்ல மேலதிகாரி. ஏழாம் கிழமையிலேயே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் சந்தோஷப்பட்டார், ஒரு நல்ல கதிரைகூட மாற்றித் தந்தார். பத்தாம் கிழமையில் பிள்ளை இல்லை. திரும்பிப் போன அன்று அவருடைய அறைக்குள் போய் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பத்து நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் அவருக்கு முதலே தெரிந்திருந்தபடியால், ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களுக்குக் காய்ச்சல், வயிற்றுளைவு என்று நான் பொய் எழுத வேண்டி வரவில்லை. ஒரு கிழமை கழித்து வந்து, யாரும் ஒன்றும் கேட்காமல் என் மேசையில் இருக்க முடிந்தது. அதே வருடம் எங்கள் அலுவலகத்தில் இன்னொரு பிள்ளைக்கும் இதே நடந்தது. அவள் ஒருத்தருக்கும் சொல்லியிருக்கவில்லை. மூன்றாம் நாள் வேலைக்கு வந்து, பெட்டி பெட்டியாகக் கோப்புத் தூக்கினாள். எனக்குத் தெரியவந்தது ஆறு மாதத்துக்குப் பிறகு.

அதனால்தான் சொல்லும் நாளை நான் மாதக் கணக்கில் வைப்பதில்லை. சொல்லாமல் இருப்பதால் நீங்கள் படும் பாடு, சொல்வதால் வரக்கூடிய பாட்டைவிட என்றைக்குக் கூடுகிறதோ அன்றைக்குச் சொல்ல வேண்டும். அது ஒருத்திக்கு ஆறாம் கிழமையில் வரும், இன்னொருத்திக்குப் பதினாறாம் கிழமையில் வரும். எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர், இரசாயனத்தோடு வேலை செய்பவர், பாரம் தூக்குபவர் ஆகியோருக்கு அது கர்ப்பம் என்று தெரிந்த நாளே. குளிரூட்டி போட்ட அறையில் கணினிக்கு முன் இருப்பவருக்கு அவசரமில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். இதில் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்ததைவிடக் கேள்விப்பட்டது அதிகம்.

இலங்கையில் தனியார் துறைக்கு இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. கடை, அலுவலகம் என்றால் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். தொழிற்சாலை, தோட்டம் போன்றவற்றுக்கு 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். லீசிங் கம்பனிக் கிளை முதலாவதற்குள் வரும். அதன்படி உங்களுக்கு 84 நாள் பிரசவ லீவு, முழுச் சம்பளத்துடன். பிரசவத்துக்கு முன் 14 நாள், பிறகு 70 நாள். முன் 14 நாளில் வேலை செய்தால் அந்த நாட்களைப் பிறகு சேர்த்து எடுக்கலாம். முன்பு மூன்றாம் பிள்ளைக்கு 42 நாள்தான் கிடைத்தது. 2018 இல் இரண்டு சட்டங்களையும் திருத்தி, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்று ஆக்கிவிட்டார்கள்.

இந்த 84 நாளை எண்ணும்போது வார விடுமுறை, பூரணை, அரச விடுமுறை நாட்களைச் சேர்க்கக் கூடாது. அவற்றைத் தள்ளி எண்ணினால் நாட்காட்டியில் மூன்றரை மாதத்தை எட்டும். என் முதல் பிரசவத்துக்கு அந்த அலுவலகம் ஞாயிறும் பூரணையும் சேர்த்து ஒரே ஓட்டமாக 84 எண்ணி என்னைத் திரும்பக் கூப்பிட்டது. எனக்குத் தெரியாது, போய்விட்டேன். மகளுக்கு மூன்று மாதம்கூட நிரம்பவில்லை. பால் கட்டி, மலசலகூடத்துக்குள் நின்று பிழிந்து ஊற்றிய நாட்கள் அவை. பின்னாளில் ஆளணி வேலைக்கு வந்து சட்டத்தை எடுத்து வாசித்தபோதுதான் எத்தனை நாள் என்னிடமிருந்து போனது என்று விளங்கியது. அன்றிலிருந்து லீவுக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் திரும்பி வரும் திகதியை நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணிக் காட்டித்தான் அனுப்புகிறேன்.

உங்களுடைய பெரிய பயம் தகுதிகாண் காலம். கடை, அலுவலகச் சட்டத்தில் இத்தனை மாதம் வேலை செய்திருந்தால்தான் பிரசவ லீவு என்ற நிபந்தனை இல்லை. (தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு அப்படி ஒன்று உண்டு: முந்திய ஒரு வருடத்துக்குள் அதே முதலாளியிடம் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும்.) கர்ப்பம் என்ற காரணத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதையும் சட்டம் தடுக்கிறது. ஆகவே காகிதத்தில் நீங்கள் இன்றைக்குச் சொன்னாலும் பாதுகாப்பாகத்தான் இருக்கிறீர்கள்.

அப்படியென்றால் ஏன் பொறுக்கச் சொல்கிறேன்? தகுதிகாண் காலத்தில் நிறுத்துபவர் கர்ப்பம் என்று எழுத மாட்டார். "வேலை திருப்தியில்லை" என்று எழுதுவார். அது பொய் என்று காட்ட நீங்கள் அலைய வேண்டி வரும். நிரந்தரக் கடிதம் கையில் இருந்தால், ஆறு மாதமும் வேலை திருப்தி என்று அவர்களே கையெழுத்து வைத்த சாட்சி உங்களிடம் இருக்கும். ஐந்து கிழமை பொறுப்பது களவு இல்லை. இத்தனையாம் மாதத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பிரசவ லீவு கேட்கும் நேரத்தில் வைத்தியச் சான்றிதழோடு கொடுக்க வேண்டிய அறிவித்தல்தான் கட்டாயம். மனச்சாட்சி குத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். குத்த வேண்டாம். நீங்கள் உங்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

ஆனால் இடையில் யாராவது நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "இல்லை" என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் கழித்து வயிற்றோடு போய் நிற்கும்போது, அதுவரை உழைத்த நல்ல பெயர் போய்விடும். கேட்டுவிட்டார்கள் என்றால் அதுதான் சொல்லும் நாள். மேலதிகாரியின் அறைக்குள் போய் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

முன்கூட்டிச் சொல்வதில் உங்களுக்குச் சட்டத்தால் கிடைக்கும் நன்மையும் உண்டு. பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதமும் பிந்திய மூன்று மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ கேடு வரக்கூடிய வேலையைக் கொடுக்கக் கூடாது. முதலாளிக்குத் தெரியாத கர்ப்பத்துக்கு அவர் எப்படி வேலை மாற்றித் தருவார்? ஆகவே வெளியே ஸ்கூட்டியில் போய்க் காசு சேர்க்கும் களவேலையிலிருந்து உங்களை எடுக்க வேண்டும் என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த மூன்று மாதத்துக்கு முன்பே தலைசுற்றல், சத்தி என்றால் வைத்தியரின் கடிதத்தோடு கேளுங்கள். தலைமை அலுவலகத்துக்குக் காட்ட ஒரு காகிதம் இருந்தால் கிளை முகாமையாளருக்கும் லேசு.

துக்கமான விஷயம் ஒன்றையும் தெரிந்து வைத்திருங்கள். 28 கிழமைக்குப் பிறகு உயிரில்லாத பிள்ளை பிறந்தால் 42 நாள் லீவு உண்டு. அதற்கு முன் கலைந்தால் பிரசவ லீவு என்று சட்டத்தில் இடமில்லை. இருக்கிற சொந்த லீவிலும் மேலதிகாரியின் மனதிலும்தான் தங்கியிருக்க வேண்டும். பத்தாம் கிழமையில் நான் பட்டது அதுதான். அங்கே என் மேலதிகாரிக்கு முதலே தெரிந்திருந்தது எவ்வளவு உதவியது என்று இப்போது விளங்கும்.

லீவைப் பற்றிச் சொல்லும்போது கிளினிக்கையும் யோசியுங்கள். முதல் வருடத்தில் உங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் வீதம்தான் சொந்த லீவு சேரும். ஐந்து மாதத்தில் இரண்டு நாள். முதலில் மாதம் ஒரு தடவை, ஏழு மாதத்துக்குப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, கடைசி மாதம் கிழமைக்கு ஒரு தடவை என்று கிளினிக் போக வேண்டி வரும். இடையில் சீனி பார்க்கும் சோதனைக்கு வெறும் வயிற்றோடு போய், குடிக்கத் தருவதைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்தக் காலை முழுவதும் போய்விடும். இருக்கிற இரண்டு நாளையும் சித்தியின் மகளின் சாமத்தியச் சடங்குக்கு எடுத்துவிடாதீர்கள்! கர்ப்பத்தைச் சொல்லும்போதே, கிளினிக் நாளில் இரண்டு மணி நேரம் பிந்தி வந்து மாலையில் ஈடுசெய்கிறேன் என்று கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நான் கண்ட மேலதிகாரிகளில் பெரும்பாலானவர்கள் இதற்கு ஓம் என்றுதான் சொன்னார்கள். காரணம் சொல்லாமல் பிந்தி வருபவருக்குத்தான் எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பார்கள்.

இனி எப்படிச் சொல்வது. முதலில் நேரடி மேலதிகாரி, வேறு ஒருவரும் இல்லை. பக்கத்து மேசைத் தோழிக்குக்கூட முன்பே சொல்ல வேண்டாம். அவள் கெட்டவள் என்று இல்லை. சந்தோஷத்தில் வாயிலிருந்து விழுந்துவிடும். திங்கட்கிழமைக் காலையும் மாத முடிவும் வேண்டாம். வசூல் கணக்கு மூடும் நேரத்தில் எந்த முகாமையாளருக்கும் மனம் சரியாக இருக்காது. வியாழன் பின்னேரம் போல ஓர் அமைதியான நேரத்தில், கதவைச் சாத்திவிட்டு இப்படிச் சொல்லலாம்:

"சேர், நான் கர்ப்பமாக இருக்கிறேன். பதினாலு கிழமை. பிள்ளை பிறக்கும் திகதி இது. பிரசவ லீவுக்கு இந்தத் திகதியிலிருந்து போகலாம் என்று நினைக்கிறேன். அதுவரை அலுவலக வேலை எல்லாம் வழமை போலச் செய்வேன். களவேலையை மட்டும் எப்படி மாற்றலாம் என்று உங்களோடு கதைக்க வேண்டும்."

இவ்வளவும் போதும். "மன்னித்துக்கொள்ளுங்கள் சேர்" என்று தொடங்காதீர்கள். என் அறைக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான் தொடங்குகிறார்கள், எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு நோகும். திரும்பி வருவேனா, இன்னும் எத்தனை பிள்ளை பெறுவேன் என்ற பேச்சுக்கும் அன்றைக்கு இடம் கொடுக்க வேண்டாம். உங்கள் பாதைகளை யாருக்குப் பிரித்துக் கொடுக்கலாம், எந்த வாடிக்கையாளர் எந்த நேரத்தில் காசு தருவார் என்ற விபரத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் நல்லது. முதலாளியின் பக்கத்தையும் யோசியுங்கள். இலங்கையில் பிரசவ லீவுச் சம்பளத்தை அரசாங்கம் கொடுப்பதில்லை, எந்தக் காப்புறுதி நிதியும் இல்லை. முதலாளி தன் கையிலிருந்துதான் கொடுக்கிறார். பெரிய கம்பனிக்கு அது ஒன்றுமில்லை. மூன்று பேர் வேலை செய்யும் புடவைக்கடை முதலாளிக்கு ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டே இன்னொருவரையும் வைக்க வேண்டும். அதற்காக உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அவர் ஆள் தேடுவதற்கு நேரம் கொடுங்கள் என்கிறேன். நேரம் கிடைத்த முதலாளிமார் பலர் நன்றாக நடந்துகொண்டதைக் கண்டிருக்கிறேன்.

கதைத்த அன்றைக்கே ஒரு கடிதம் கொடுங்கள். கர்ப்பமாக இருப்பது, எதிர்பார்க்கும் பிரசவத் திகதி, இன்ன திகதியில் வாயால் அறிவித்தது, லீவு எப்போது தேவைப்படும் என்பவை மட்டும் போதும், அரைப் பக்கம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "கிடைத்தது" என்று திகதியோடு கையெழுத்து வாங்கி வீட்டில் வையுங்கள். கையெழுத்து வைக்கத் தயங்கினால் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். அதுவும் முடியாவிட்டால் மேலதிகாரிக்கு வாட்ஸப்பில், "இன்று நேரில் சொன்னபடி" என்று தொடங்கி ஒரு செய்தி. நாளைக்கு, "கர்ப்பம் என்று எங்களுக்குத் தெரியாது" என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. என் மூன்றாம் கர்ப்பத்தில் பன்னிரண்டாம் கிழமையில் நான் இப்படித்தான் செய்தேன். அந்தத் தடவை ஒரு நாள் லீவும் வெட்டுப்படவில்லை.

உங்களைப் போலவே கேட்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் சிலதைச் சொல்லிவிடுகிறேன். அரச உத்தியோகம் என்றால் இந்தப் பயம் அநேகமாகத் தேவையில்லை. முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாள், அதற்கு மேல் அரைச் சம்பளத்தில் 84 நாள், சம்பளமில்லாமல் இன்னும் 84 நாள் எடுக்கலாம். ஐந்து மாதம் முடிந்த பிறகு காலையில் அரை மணி பிந்தி வந்து மாலையில் அரை மணி முந்திப் போகவும் இடமுண்டு. அதைக் கேட்பதற்காவது சொல்லத்தான் வேண்டும்.

தொண்டு நிறுவனங்களில் திட்டத்துக்குத் திட்டம் ஒப்பந்தம் எழுதுபவர்களின் நிலை கொஞ்சம் கஷ்டம். ஒப்பந்தம் புதுப்பிக்கும் திகதி இரண்டு மாதத்துக்குள் என்றால் புதுப்பித்து முடித்த பிறகு சொல்வதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். நான் நல்லூர் வீதியில் மாட்டிக்கொண்ட மாதிரி இன்னொரு வாயால் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கடைகளில் நிற்கும் பிள்ளைகளுக்குத்தான் என் மனம் அதிகம் போகிறது. நியமனக் கடிதமே இருக்காது. காலையிலிருந்து மாலை வரை நின்றபடி வேலை. முதலாளி தெரிந்தவர், சில வேளை சொந்தக்காரர். "கடையை விட்டு நில் பிள்ளை, பிறகு பார்ப்போம்" என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிடுவார். அதோடு சம்பளமும் போய்விடும். உங்களுக்கும் அதே 84 நாள் உண்டு. கடிதம் இல்லாவிட்டால் வேலை செய்ததற்கு வேறு சாட்சி வேண்டும்: ஊழியர் சேமலாப நிதிக்குக் காசு கட்டியிருந்தால் அதன் விபரம், சம்பளச் சிட்டை, வரவுப் புத்தகத்தின் படம், வங்கியில் சம்பளம் விழுந்த பதிவு. இவற்றைக் கர்ப்பம் என்று சொல்லும் முன்பே சேர்த்துவிடுங்கள். சொன்ன பிறகு வரவுப் புத்தகம் கைக்கு எட்டாமல் போகலாம்.

சொன்ன பிறகு கதை பிழைத்துவிட்டால்? "நீங்களே விலகல் கடிதம் தந்துவிடுங்கள், பிள்ளை பெற்று வந்த பிறகு திரும்ப எடுக்கிறோம்" என்பதுதான் நான் அதிகம் கேட்ட வசனம். ஒருபோதும் அந்தக் கடிதத்தை எழுதாதீர்கள். விலகல் கடிதம் கொடுத்தால் நீங்களாகப் போனவர் ஆகிவிடுவீர்கள். பிறகு பிரசவச் சம்பளம் கேட்பதும் வழக்குப் போடுவதும் கஷ்டமாகிவிடும். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழும்பி வந்துவிடுங்கள். பிறகு தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போய் முறைப்பாடு கொடுக்கலாம், தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். வேலையிலிருந்து நிறுத்தியே விட்டார்கள் என்றால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போக வேண்டும். பிள்ளைப்பேறும் பத்தியமும் துடக்குமாக அந்த ஆறு மாதம் ஓடிவிடும்; ஆகவே கணவரையோ தம்பியையோ திகதியை நினைவில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பால் கொடுக்கும் நேரம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை, ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு தடவை இடைவேளை உண்டு. வேலையிடத்தில் பிள்ளையை வைத்திருக்க இடம் இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். 2018 திருத்தத்தோடு கடை, அலுவலகத்தாருக்கும் இது வந்துவிட்டது. ஆனால் இதை இப்போது கதைக்க வேண்டாம். லீவுக்குப் போகும் கிழமையில் கதைக்கலாம்.

ஆக, இந்த ஐந்து கிழமைக்கு நீங்கள் செய்ய வேண்டியது: காலையில் பிஸ்கட்டோ பாணோ கொஞ்சம் வயிற்றில் போட்டுவிட்டுத்தான் ஸ்கூட்டியை எடுங்கள். தூரப் பாதைகளைக் காலையில் முடித்து, உச்சி வெயிலில் அலுவலகத்துக்குள் இருக்கும்படி உங்கள் வசூல் ஒழுங்கை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு ஒருவரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. சத்தி கூடிய நாளில் கணவர் கொண்டுபோய் விடட்டும். குடும்பநல உத்தியோகத்தரிடம் இன்னும் பதியவில்லை என்றால் இந்தக் கிழமையே போய்ப் பதியுங்கள். எட்டுக் கிழமைக்குள் பதிவதைத்தான் அவர்கள் விரும்புவார்கள், உங்களுக்கு ஒன்பது ஆகிவிட்டது. அவர் தரும் அட்டையில் பிரசவத் திகதி எழுதியிருக்கும். அந்தத் திகதியைப் பார்த்துத்தான் பதினாலாம் கிழமையில் உங்கள் கடிதத்தை எழுத வேண்டும். கையெழுத்து வாங்கிய பிரதியையும் அந்த அட்டையையும் ஒரே பையில் போட்டு வையுங்கள்.